மூன்றாம் படியில் புதைத்த புளியமரங்கள்

என் வீட்டுக்குப் பின்னால் இருந்த பழைய பாசனக் கிணற்றை நேற்றோடு தூர்த்து முடித்துவிட்டார்கள். கள்ளக்குறிச்சியில் இப்போது கிணறு என்றால் பிளாட்டுக்கு நடுவே கிடக்கும் இடைஞ்சல் என்றுதான் அர்த்தம். மூன்று நாளாக டிராக்டரில் மண் வந்தது. நான் மாடியில் நாற்காலி போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஓய்வு பெற்ற சர்வேயருக்கு வேறென்ன வேலை. முதல் நாள் வெறும் மண்தான். இரண்டாம் நாள் மத்தியானம், வெட்டிப்போட்ட தென்னையின் அடிக்கட்டைகள் இரண்டை உருட்டிவந்து உள்ளே தள்ளினார்கள். அதன் மேல் ஈரக் களிமண் விழுந்தது. களிமண்ணும் பச்சைக் கட்டையும் சேர்ந்த அந்த வாடை மாடிவரை ஏறிவந்தது. எழுந்து நின்று, "கட்டைய போடாதீங்கய்யா, நாளைக்கு மண்ணு எறங்கும்" என்று கத்தினேன். டிராக்டர்காரர் தலையைத் தூக்கிப் பார்த்து, "மேல நாலு லோடு மண்ணு வுட்றோம் பெரியவரே, ஒண்ணும் ஆவாது" என்றார்.

ஒண்ணும் ஆவாது. இதே சொல்லை நான் உன்னிடம் சொல்லி முப்பத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. நீ போய் நாலு மாதம் ஆகிறது. இனி எழுதி என்ன பயன் என்றுதான் தோன்றுகிறது. தலைக்கு மேல் வெள்ளம் போன பிறகு சாண் என்ன, முழம் என்ன. ஆனாலும் எழுதுகிறேன். உனக்குத் தெரிந்த கதைதான். முதலிலிருந்து சொல்லிக்கொண்டு வந்தால்தான் என்னால் கடைசிவரை போக முடியும். பொறுத்துக்கொள்.

கிழக்கே, பழுப்பு நிலக்கரி எடுத்து முடித்த பள்ளத்தில்தான் நாம் இருந்தோம். கரியை எடுத்தபின் பள்ளத்தைத் திரும்ப மூட வேண்டும். தோண்டும்போது வாரிப் போட்ட மண்ணைப் படிப்படியாகக் கொட்டி, ஒவ்வொரு படிக்கும் சரிவு ஒதுக்கி, தண்ணீருக்கு வாய்க்கால் விட்டு, எல்லாவற்றுக்கும் மேலே நல்ல மண்ணைப் பரப்பித் தழையுரத்துக்குச் சணப்பு விதைத்து, ஒரு நாள் யாரோ ஏர் பூட்டும் நிலமாக்க வேண்டும். கேட்க நன்றாகத்தான் இருக்கும். கொட்டிய மண் கொட்டிய இடத்தில் நிற்காது என்பதுதான் அதில் இருக்கும் தொல்லை. அது நிற்கிறதா, நகர்கிறதா என்று பார்ப்பது நம் இருவர் வேலை. நான் சர்வேயர், நிரந்தர ஆள். நீ முளை அடித்து அளவெடுக்கிறவன், கான்ட்ராக்ட் ஆள். இருவருக்கும் ஊர் நைனார்பாளையம், தெரு வேறு. இருவருக்கும் ஒரே வயது. ஆனால் நீ என்னை 'சார்' என்றாய், நான் உன்னை 'நீ' என்றேன். அதில் ஏதும் தவறிருப்பதாக எனக்குத் தோன்றியதே இல்லை. இந்தக் கடிதத்தை முதலில் 'நீங்கள்' என்று போட்டு எழுதிப் பார்த்தேன். வேறு யாருக்கோ எழுதுவதுபோல் இருந்தது. கிழித்துப் போட்டேன்.

சுண்ணாம்பு வாளி இல்லாமல் உன்னை நான் அங்கே பார்த்ததில்லை. சரிவின் தலையில் கோடு மாதிரி விரிசல் தெரிந்தால் அதைக் களிமண்ணால் பூசி மூடுவாய். அதன் குறுக்கே விரல் அகலத்துக்கு ஒரு சுண்ணாம்புப் பட்டை இழுப்பாய். மறுநாள் காலை பட்டை முழுசாக இருந்தால் மண் அசையவில்லை. பட்டை கீறியிருந்தால் நகர்கிறது. என் கருவி ஒரு வாரம் கழித்துச் சொல்வதை உன் சுண்ணாம்பு மறுநாளே சொல்லிவிடும். "இன்னா சார், உங்க மிஷினு இன்னும் தூங்கிக்கினு இருக்குதா?" என்பாய். எனக்குக் கோபம் வரும். ஆனால் என் அளவை எழுதுவதற்கு முன் உன் பட்டையை ஒருமுறை எட்டிப் பார்க்காமல் இருந்ததில்லை.

அந்த வருஷங்களில்தான் படிப்பிலும் வேலையிலும் ஒதுக்கீடு கேட்டு எங்கள் சாதி ஆட்கள் சாலைக்கு வந்தார்கள். ஒரு வாரம் ஒரு பஸ் ஓடவில்லை. வழிநெடுகப் புளியமரங்களை அறுத்துக் குறுக்கே தள்ளினார்கள். கேட்டது நியாயம் என்று அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன். டிகிரி முடித்துவிட்டு மாடு மேய்த்துக்கொண்டிருந்த என் தம்பியும் ரம்பத்தோடு அந்தக் கூட்டத்தில் நின்றான். ஆனால் மறியலோடு மறியலாக, உங்கள் தெருவில் கூரைகள் எரிந்தன என்றும் சேதி வந்தது. எத்தனை கூரை, யார் வீட்டுக் கூரை, ஒன்றும் தெரியாது. உன் மனைவியும் மூன்று வயசு மகள் செல்வியும் அந்தத் தெருவில் இருந்தார்கள். நீ பள்ளத்தில் மாட்டிக்கொண்டாய். அந்த வாரம் முழுக்க நீ என்னோடு அதிகம் பேசவில்லை. நானும் பேசவில்லை. என் ஆட்கள், உன் தெரு. என்ன பேசுவது? நீ இழுத்த பட்டைகள் கோணிக்கொண்டு போனதை மட்டும் பார்த்தேன்.

மறியல் ஓய்ந்ததும் சாலையைத் துப்புரவு செய்ய எங்கள் லாரிகளைக் கேட்டார்கள். உருப்படியான அடிமரங்கள் ஏலத்துக்குப் போயின. வேர்க்கட்டைகளுக்கும் கிளைகளுக்கும் ஆளில்லை. வேறு நாளாக இருந்தால் சாலையில் கிடக்கும் புளியங்கட்டை ஒரு மணி நேரத்தில் யார் வீட்டு அடுப்புக்காவது போய்விடும். அந்த வாரம் ஒருவரும் தொடவில்லை. கொல்லையில் புளியஞ்சுள்ளி கிடந்தாலும் 'மரம் வெட்டியவன்' என்று போலீஸ் இழுத்துப்போகிறது என்று பேச்சு. விறகைப் பார்த்து ஊரே பயந்து நான் கண்டது அந்த ஒரு தடவைதான். எனவே லாரிகள் நேரே பள்ளத்துக்கு வந்தன. மேலதிகாரி என்னைக் கூப்பிட்டு, "எங்கியாவது கொட்டி மூடிடுப்பா" என்றார். எங்கே என்று அவர் சொல்லவில்லை. மூன்றாம் படி என்று சொன்னது நான். அன்று மண் கொட்டிக்கொண்டிருந்த இடம் அதுதான். இன்னொரு காரணமும் இருந்தது. அந்தக் குவியலில் என் தம்பி அறுத்த மரமும் இருக்கும். அது சீக்கிரம் கண்ணை விட்டு மறைந்தால் போதும் என்றிருந்தது எனக்கு.

முதல் லாரி பின்னால் வரும்போது நீ குறுக்கே போய் நின்றாய்.

"கட்டைய உள்ள போடாதீங்க சார். கட்ட மக்கும். மக்கனா பொந்து வுழும். பொந்துல தண்ணி நிக்கும். தண்ணி நின்னா சரிவு நிக்காது."

"மேல பத்தடி மண்ணு வருதுப்பா. ஒண்ணும் ஆவாது."

"முழுப் பூசணிக்காய சோத்துல மறைச்சாக்கூட மறுவேள தின்னு தீத்துடலாம் சார். இத யாரு திங்கறது? கரையான்தான் திங்கணும்."

லாரி டிரைவர் சிரித்துவிட்டார். எனக்குச் சுருக்கென்றது. நீ சொன்னது சரி என்று தெரிந்ததால் இன்னும் சுருக்கென்றது. நீ அங்கே இருந்தால் ஒரு கட்டையும் உள்ளே போகாது, விஷயம் நாலு பேர் வாயில் விழும். அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. "அதோ, மண்ணு எறக்குன லாரி காலியா சின்னசேலம் பக்கந்தான் போவுது. ஏறிப் போயி புள்ளய பாத்துட்டு வா. நாலு நாள் லீவு. இங்க நான் பாத்துக்கறேன்" என்றேன். நீ ஒரு நிமிஷம் என்னையும் லாரியையும் மாறி மாறிப் பார்த்தாய். பிறகு என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாய். உன் கண் நிறைந்துவிட்டது. "இத மறக்க மாட்டேன் சார்" என்றாய். அதற்கு நான் என்ன பதில் சொன்னேன் தெரியுமா? "சரி சரி, ஏறு" என்றேன்.

நீ போனபின் பதினோரு லாரி கொட்டினார்கள். டோசர் ஓட்டிய காசியண்ணன், திருநாவலூர்க்காரர், அவர் பாட்டுக்கு ஏறி மிதித்து மூடினார். அன்றைய பதிவேட்டில் 'மண் மட்டும்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். நாலாம் நாள் நீ திரும்பி வந்தாய். உன் வீடு தப்பித்திருந்தது. பக்கத்து வீடு இல்லை என்றாய். மூன்றாம் படிக்கு நடந்துபோய்க் கொஞ்ச நேரம் நின்று பார்த்தாய். வாளியை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனாய்.

இரண்டு வருஷம் ஒன்றும் ஆகவில்லை. மேலே சணப்பு ஆளுயரம் வளர்ந்தது. பார்க்க வந்தவர்களுக்கெல்லாம் அதைத்தான் காட்டினார்கள். நான் சொன்னதே சரி என்று நம்பத் தொடங்கியிருந்தேன். மூன்றாம் வருஷம் ஐப்பசி மழை விடாமல் கொட்டியது. தொடர்ந்து மூன்று காலை உன் பட்டைகள் கீறின. மூன்றாம் நாள் கீறலுக்குள் உன் சுண்டுவிரல் நுழைந்தது. "வேல செய்றவங்கள கீழருந்து ஏத்திடுங்க சார்" என்றாய். கட்டை விஷயத்தை எழுதியிருந்தால் அன்றைக்கே வேலையை நிறுத்தியிருப்பார்கள். நான் 'மழையால் சிறு விரிசல்' என்று எழுதி அனுப்பினேன். மேலே போனது மேலேயே இருந்தது.

மறுநாள் காலை சரிவின் அடியில் பெண்கள் கன்று நட்டுக்கொண்டிருந்தார்கள். நீ மேலேயிருந்து ஓடி வந்தாய். "கன்ன வுடுங்க, கூடைய வுடுங்க, ஏறுங்க எல்லாரும்." மேஸ்திரி உன்னைத் திட்டினார். நீ அவரையும் தள்ளிக்கொண்டு போனாய். பெண்கள் அத்தனை பேரும் மேலே வந்துவிட்டார்கள். வாய்க்கால் தூர் எடுத்துக்கொண்டிருந்த காசியண்ணனுக்கு மட்டும் இஞ்சின் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. மண் சத்தமில்லாமல்தான் வந்தது. முதலில் நடுவே உப்பியது, அப்புறம் உட்கார்ந்தது, அப்புறம் மொத்தமாக நகர்ந்தது. நீ கையால் தோண்டினாய். நானும் தோண்டினேன். அவரை உயிரோடு எடுத்தோம். ஒரு கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. சரிந்த முகத்தில், வழிகிற சேற்றுக்கு நடுவே, புளிய வேர்க்கட்டைகள் கறுத்துப்போய் நீட்டிக்கொண்டிருந்தன. எல்லாரும் பார்த்தார்கள்.

விசாரணை ஒரு நாள்தான் நடந்தது. கொட்டச் சொன்ன அதிகாரி அதற்குள் மாற்றலாகியிருந்தார். லாரி டிரைவர்கள் அன்றைய வாடகை ஆட்கள், யார் என்றே தெரியவில்லை. காசியண்ணன் ஆஸ்பத்திரியில் கிடந்தார், அவரை யாரும் கேட்கவில்லை. உன்னைத்தான் முதலில் கூப்பிட்டார்கள். கட்டை எப்படி உள்ளே வந்தது என்று கேட்டார்கள். 'அன்னிக்கு நான் லீவுங்க' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் உனக்குப் போதும். லீவு கொடுத்தது யார் என்ற அடுத்த கேள்வி என்னிடம் வந்து நின்றிருக்கும். நான் சுவரோரம் நின்றிருந்தேன். நீ என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. "கொட்டறப்ப நான் சரியா பாக்கலீங்க" என்றாய். பிறகு என்னைக் கேட்டார்கள். "மண்ணுன்னுதான் எனக்குச் சொன்னாங்க" என்றேன். யார் சொன்னார்கள் என்று அவர்கள் கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியமும் இருக்கவில்லை. கான்ட்ராக்ட் ஆளை நிறுத்த ஒரு சீட்டுகூட வேண்டாம்.

அன்று சாயங்காலம் நீ மூட்டையோடு பஸ்ஸுக்கு நின்றபோது வந்தேன். நீயே சொன்னாய்: "எனக்காவது கூலி வேல எங்கியும் கெடைக்கும். நீங்க அன்னிக்குப் புள்ளய பாக்க அனுப்பனீங்களே, அது போதும் சார்." அந்த நன்றியை நான் வாங்கி வைத்துக்கொண்டேன். உன்னை அனுப்பியது பிள்ளையைப் பார்க்க அல்ல என்று அங்கேயே, அந்தப் பஸ் நிறுத்தத்திலேயே சொல்லியிருக்கலாம். பஸ் வர இன்னும் கால்மணி இருந்தது. கால்மணி நேரமும் மழையைப் பற்றிப் பேசினோம்.

நீ நைனார்பாளையத்தில் இருக்கவில்லை. கல்வராயன் மலையடிவாரத்தில் உன் மனைவியின் ஊருக்குப் போய்விட்டாய். ஒரு காணி சரிவு நிலம், மரவள்ளி. வருஷத்துக்கு ஒருமுறையாவது நான் வந்தேன். கள்ளக்குறிச்சியில் பஸ் ஏறும்போது சொல்ல வேண்டியதை மனப்பாடமாக வைத்திருப்பேன். கச்சிராயபாளையம் தாண்டும்வரை தைரியம் இருக்கும். கோமுகி அணைப் பக்கம் தண்ணீர் தெரிந்ததும் வார்த்தைகள் ஒவ்வொன்றாகக் கழன்றுகொள்ளும். உன் வீட்டுக்கு வந்துசேரும்போது என் கையில் ஒரு பிஸ்கட் பொட்டலம்தான் மிச்சமிருக்கும்.

அவித்த மரவள்ளியும் மிளகாய்த் துவையலும் வைப்பாய். சாப்பிட்டபின் கொல்லையைக் காட்டுவாய். சரிவுக்குக் குறுக்கே கல் வரப்பு அடுக்கி, ஆறடிக்கு ஒரு சந்து விட்டிருப்பாய். "மண்ண புடிச்சி வெக்கணும் சார், தண்ணிய புடிச்சி வெக்கக் கூடாது. அவ்ளோதான் விஷயம்" என்பாய். மழைக்காலத்தில் மலைச்சாலையின் ஓரத்து விரிசல்களுக்கும் சுண்ணாம்பு போடப் போய்விடுவாய். உன்னை யாரும் கேட்கவில்லை, கூலியும் இல்லை. "இன்னாய்யா, ரோட்டுக்குப் பட்ட போட்டுச் சாமியாக்கறியா?" என்று பஸ் டிரைவர்கள் கிண்டல் செய்வார்கள். ஆனால் கீறின பட்டை பக்கமாக அவர்கள் வண்டியை ஒட்டி ஓட்ட மாட்டார்கள். அதை நானே ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறேன்.

ஒருமுறை, செல்வி டீச்சர் வேலைக்குத் திருக்கோவிலூர் போன வருஷம் என்று நினைக்கிறேன், நீ கல்லை அடுக்கிக்கொண்டே கேட்டாய்: "காசியண்ணன போயி பாத்தீங்களா சார்?" நான் பார்த்துவிட்டு வந்த கதையைச் சொன்னேன். கோல் ஊன்றி நடக்கிறார், பெட்டிக்கடை வைத்திருக்கிறார் என்றேன். "அவருகிட்ட சொன்னீங்களா?" என்றாய். எதை என்று கேட்டேன். நீ கையிலிருந்த கல்லைக் கீழே வைத்தாய். "நான் கேட்டதா சொன்னீங்களான்னு" என்று சொல்லிவிட்டு அடுத்த கல்லை எடுத்தாய். நான் ஆமாம் என்றேன். அந்தக் கேள்வி அங்கே ஏன் நின்றது என்று யோசிக்க எனக்கு விருப்பமில்லை. வீட்டுக்குத் திரும்பியதும் உடம்பு சரியில்லை என்று இரண்டு நாள் படுத்தேன்.

மாசியில் ஒரு காலை நீ அதே கொல்லையில், கல் தூக்கிய கையோடு உட்கார்ந்தாயாம். அப்புறம் எழவில்லை. எனக்குச் சேதி வந்து சேரும்போது எல்லாம் முடிந்திருந்தது. பதினாறாம் நாள் காரியத்துக்குத்தான் வந்தேன். பந்தல் பிரிந்து, சொந்தக்காரர்கள் போய், உன் மனைவி உள்ளே படுத்திருந்தார். செல்வி வாசல் குழாயில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். வழுக்கைத் தலையோடும் கைத்தடியோடும் அவள் எதிரில் போய் நின்றேன். பஸ்ஸில் மனப்பாடம் செய்தது ஒன்றும் நினைவில்லை.

"செல்வி, அந்தக் கட்டைங்கள உள்ள போடச் சொன்னது நாந்தாம்மா. உங்கப்பா அன்னிக்கு அங்க இல்ல. அவரு இருக்கக் கூடாதுன்னுதான் லாரி ஏத்தி அனுப்புனேன். உன்ன பாக்கறதுக்குன்னு அனுப்பல."

அவள் குழாயை மூடினாள். கை கழுவிக்கொண்டாள். "தெரியும் சார். அப்பா சொல்லியிருக்காரு" என்றாள்.

நான் வாசற்படியில் உட்கார்ந்தேன். எப்போதிலிருந்து தெரியும் என்று கேட்டேன்.

"அப்பாவுக்கா? லாரியில ஏறும்போதே தெரியுமாம். 'தெரிஞ்சிதான் ஏறினேன், புள்ளய பாக்கணும்னு இருந்திச்சி, அதனால தப்புல எனக்கும் பாதி இருக்குது'ன்னுவாரு. அதனாலதான் அன்னிக்கு வாயத் தொறக்கலையாம்." சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "நீங்க ஒவ்வொரு தடவையும் வந்துட்டுப் போவீங்க இல்ல. உங்கள பஸ் ஏத்திட்டு உள்ள வந்து கட்டில்ல உக்காருவாரு. 'இன்னிக்கும் சொல்லல'ம்பாரு. அம்மாகூட, 'நீயே கேட்டுட வேண்டிதுதானே'ன்னு சண்ட போடும். 'நான் கேட்டா அது நான் சொன்னதா ஆயிடும், அவரு வாயால வரணும், வருவாரு, சொல்லுவாரு'ன்னுவாரு."

அவளுக்கு என் மேல் கோபமில்லை. இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். டீ போட்டுக் கொடுத்தாள். குடித்தேன். கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்தேன்.

திருநாவலூருக்குப் போய்க் காசியண்ணனிடமும் சொல்லிவிட்டேன். அவர் கடையைச் சாத்த வேண்டும் என்றார். நான் வெளியே வந்துவிட்டேன். அவ்வளவுதான் என்னால் ஆனது.

முப்பது தடவைக்குக் குறையாமல் நான் உன் வீட்டுக்கு வந்திருப்பேன். ஒவ்வொரு தடவையும் பஸ் நகர்ந்ததும் நீ கையை ஆட்டுவாய். நான் ஜன்னல் வழியாகத் திரும்பிப் பார்த்துக்கொண்டே இருப்பேன். நீ வாசல்வரை நடந்து, குனிந்து உள்ளே போவது தெரியும். இன்றைக்கும் தப்பித்தோம் என்று நான் சாய்ந்து உட்கார்ந்துகொள்வேன். அதே நேரத்தில் உள்ளே கட்டிலில் உட்கார்ந்து நீ சொன்னதை இப்போதுதான் கேட்கிறேன். ஒரு தடவை சொன்னதாக அல்ல, முப்பது தடவையும்.